பேல் ஏலுக்கு எந்த ஹாப்ஸ்?

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். "அமெரிக்கன் பேல் ஏல் போடப்போறேன், எந்த ஹாப்ஸ் வாங்கலாம்?" கடையில் குளிர்பெட்டியைத் திறந்தால் முப்பது நாற்பது வகைப் பொட்டலங்கள். ஒன்றில் மாம்பழம், ஒன்றில் பைன் மரம், ஒன்றில் ஆரஞ்சுத் தோல் என்று வர்ணனை வேறு. நாலைந்தை அள்ளிக்கொண்டு வரத்தான் கை போகும். முதல் தடவை அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே பூ, இரண்டு வேலை

ஹாப்ஸ் ஒரு கொடி. தாவரவியல்படி கஞ்சாவுக்குப் பங்காளி; ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் கிடையாது. பெண் கொடியில் வரும் பச்சைக் கூம்புகள்தான் நமக்கு வேண்டியவை. கூம்பைப் பிய்த்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சளாக ஒரு தூள் ஒட்டியிருக்கும். லுபுலின் என்று பெயர். எல்லா விஷயமும் அதில்தான்.

அந்தத் தூளில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று ஆல்ஃபா அமிலம். அது அப்படியே தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொதிக்கக் கொதிக்க உருமாறி ஐசோ ஆல்ஃபா அமிலம் ஆகும். கசப்பு வருவது அப்போதுதான். இன்னொன்று வாசனை எண்ணெய்கள். இவை நேர் எதிர். கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும், வீடு மணக்கும், பீர் மணக்காது.

ரசம் வைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. புளித்தண்ணீர் பச்சை வாடை போகக் கொதிக்க வேண்டும். கொத்தமல்லித் தழையை இறக்கும்போதுதான் போட வேண்டும். ஹாப்ஸில் என்ன விசேஷம் என்றால், புளியும் கொத்தமல்லியும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. எது வேலை செய்யும் என்பது நாம் போடும் நேரத்தைப் பொறுத்தது.

ஆக, "எந்த ஹாப்ஸ்?" என்பது உண்மையில் இரண்டு கேள்வி. கசப்புக்கு எது? வாசனைக்கு எது?

கசப்புக்கு

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கொதிக்கப்போகும் ஹாப்ஸின் வாசனையில் பெரும்பகுதி தங்காது. ஆல்ஃபா அமிலம் அதிகமாகவும் கசப்பு கரடுமுரடில்லாமலும் இருந்தால் போதும். நான் மேக்னம் போடுகிறேன்.

கொஞ்சம் கணக்கு. கசப்பை ஐ.பி.யு. என்ற அலகில் சொல்வார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் என்றால், தோராயமாக ஒரு ஐ.பி.யு. அமெரிக்கன் பேல் ஏலுக்கு 30 முதல் 50 வரை இருக்கலாம். 20 லிட்டர் காய்ச்சுகிறோம் என்று வையுங்கள். 12 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் 15 கிராம் போட்டால், அதில் 1.8 கிராம் ஆல்ஃபா அமிலம். 60 நிமிடக் கொதியில் சுமார் 23 சதவீதம் கசப்பாக மாறும்: ஏறக்குறைய 21 ஐ.பி.யு.

இப்போது 6 சதவீத ஆல்ஃபா உள்ள கேஸ்கேட் 30 கிராம். அதிலும் அதே 1.8 கிராம்தான். ஆனால் கடைசி 10 நிமிடத்தில் போட்டால் எட்டு சதவீதம் சொச்சம்தான் மாறும், கிடைப்பது ஏழரை. அடுப்பை அணைத்ததும் இன்னொரு 30 கிராம் போட்டால் சூட்டில் இன்னும் கொஞ்சம் கசப்பு ஏறும். மொத்தம் முப்பதைத் தாண்டிவிடும். அவ்வளவுதான் கணக்கு.

வாசனைக்கு

பேல் ஏலின் முகம் இங்கேதான் தீர்மானமாகிறது. முதல் தடவை கேஸ்கேட் ஒன்றை மட்டும் போடுங்கள் என்பேன். காரணம் அதன் கதையிலேயே இருக்கிறது.

அமெரிக்க வேளாண் துறை ஆரெகனில் நடத்திய ஒட்டுரக ஆராய்ச்சியில், 1956-இல் சேர்த்த விதையிலிருந்து வந்தது கேஸ்கேட். இங்கிலாந்தின் ஃபகிள், ரஷ்யாவின் செரெப்ரியாங்கா இரண்டும் அதன் வம்சாவளியில் உண்டு. கொடியை அழிக்கும் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் ரகம் வேண்டும் என்பது நோக்கம். விவசாயிகள் கைக்குப் போனது 1972-இல். கிரேப்ஃப்ரூட் தோலும் பூவும் கலந்த அதன் மணம், ஐரோப்பிய ஹாப்ஸுக்குப் பழகிய மூக்குகளுக்குப் புதிது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் 1975-இல் லிபர்ட்டி ஏலில் அந்த மணத்தை முன்னே நிறுத்தியது. 1980-இல் கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் சியரா நெவாடா பேல் ஏல் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கென் கிராஸ்மன், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்ற கடைக்காரர். பிறகு வந்தவர்கள் "அமெரிக்கன் பேல் ஏல்" என்று சொன்னபோது நினைத்தது இந்த மணத்தைத்தான். அளவுகோல் எது என்று தெரிந்தால்தானே விலகலைச் சுவைக்க முடியும்?

அடுத்த தடவை மாற்றிப் பார்க்கச் சில பெயர்கள்: எலுமிச்சையும் பூவும் வேண்டுமென்றால் சென்டென்னியல். ஆரஞ்சு என்றால் அமரில்லோ. பைன் பிசினும் காரமும் என்றால் சினூக். மாம்பழம், லிச்சி என்றால் சிட்ரா. சிட்ராவை அளந்து போடுங்கள். மால்ட்டின் பிஸ்கட் வாசனையை முழுங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் வாசனை ஹாப்ஸ் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஐந்து வகையைக் கலந்து காய்ச்சினால் பீர் நன்றாகவே வரலாம். எது எதனால் வந்தது என்று மட்டும் தெரியாது. நன்றாக வராவிட்டால் எதைக் குறைப்பது என்றும் தெரியாது.

பெயரைவிட முக்கியம்

பொட்டலத்தின் முன்பக்கம் பெயர். பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். எந்த வருட அறுவடை, ஆல்ஃபா எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஹாப்ஸ் விவசாய விளைபொருள். கேஸ்கேட்டே ஒரு வருடம் ஐந்து சதவீதம், இன்னொரு வருடம் ஏழு என்று இருக்கும். மேலே போட்ட கணக்கில் உங்கள் பொட்டலத்தின் எண்ணை வையுங்கள், என்னுடையதை அல்ல.

கேஸ்கேட் சீக்கிரம் கெடும் ரகமும்கூட. அறை வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் ஆல்ஃபா அமிலத்தில் பாதி போய்விடும். பழையதாகிவிட்ட ஹாப்ஸ் பாலாடைக்கட்டி நாற்றம் அடிக்கும். காற்று நீக்கி அடைத்த பொட்டலமாக, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வாங்குங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் போடுங்கள். நல்ல பெயருள்ள பழைய ஹாப்ஸைவிட, சாதாரணப் பெயருள்ள புது ஹாப்ஸ் எவ்வளவோ மேல்.

நொதிப்பு அடங்கிய பிறகு 40 கிராம் கேஸ்கேட்டை நேரே பீரில் போட்டு மூன்று நான்கு நாள் வைப்பேன். ட்ரை ஹாப்பிங் என்பது இதுதான். கொதி இல்லாததால் கசப்பு பெரிதாகக் கூடாது, வாசனை மட்டும் ஏறும்.

வீட்டில் நாய் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம், காய்ச்சி வடித்த சக்கையும்கூட. உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாதீர்கள். மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.