எச்.எஸ்.கே இடைநிலைத் தேர்வு

எச்.எஸ்.கே என்பது சீனத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரின் மொழித் தேர்ச்சியை அளப்பதற்காகச் சீனா நடத்தும் தரப்படுத்தப்பட்ட தேர்வு ஆகும். "ஹான்யூ சுய்பிங் காவ்ஷி" என்னும் சீனப் பெயரின் சுருக்கமே எச்.எஸ்.கே. இதற்குச் சீன மொழித் தேர்ச்சித் தேர்வு என்று பொருள். இத்தேர்வில் "இடைநிலை" எனப்படும் பகுதி 1990 முதல் 2021 வரை மூன்று வெவ்வேறு வகைகளில் வரையறுக்கப்பட்டது. ஆகவே ஒரு சான்றிதழில் உள்ள நிலை எண்ணைக் கொண்டு மட்டும் அதை உடையவரின் தேர்ச்சியை அறிய இயலாது. எந்தத் திட்டத்தின் கீழ் அது வழங்கப்பட்டது என்பதையும் காண வேண்டும்.

தொடக்ககால அமைப்பு

பெய்ஜிங் மொழி நிறுவனத்தில் (இன்றைய பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம்) 1984 இல் இத்தேர்வை உருவாக்கும் பணி தொடங்கியது. 1990 இல் சீனாவிலும், 1991 இல் வெளிநாடுகளிலும் தேர்வு நடத்தப்பட்டது. இப்பழைய அமைப்பில் மொத்தம் 11 நிலைகள் இருந்தன. தொடக்கநிலைக்கும் இடைநிலைக்கும் ஒரே வினாத்தாள் வழங்கப்பட்டது. பெற்ற மதிப்பெண்ணைப் பொறுத்து 3 முதல் 5 வரை தொடக்கநிலைச் சான்றிதழும், 6 முதல் 8 வரை இடைநிலைச் சான்றிதழும் கிடைத்தன.

அவ்வினாத்தாளில் 170 வினாக்கள் இருந்தன. நேரம் 145 நிமிடங்கள். அதன் பகுதிகள்:

கேட்டறிதல் - 50 வினாக்கள்
இலக்கணம் - 30 வினாக்கள்
வாசித்தல் - 50 வினாக்கள்
கோடிட்ட இடம் நிரப்புதல் - 40 வினாக்கள்

பெரும்பாலானவை பல்தேர்வு வினாக்களே. கட்டுரை எழுதுதலும் வாய்மொழித் தேர்வும் உயர்நிலையில் மட்டும் இடம்பெற்றன. எனினும் இத்தேர்வுக்கு 5,253 சொற்கள் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. சீனாவில் தங்கிப் பயிலும் மாணவருக்கு இது பொருந்தியது. பிற நாடுகளில் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் பயில்வோருக்குக் கடினமாக இருந்தது.

2009 ஆம் ஆண்டுச் சீரமைப்பு

2004 முதல் பல நாடுகளில் கன்பூசியஸ் கல்வி நிலையங்கள் திறக்கப்பட்டதால் வெளிநாட்டு மாணவரின் எண்ணிக்கை பெருகியது. அவர்களை ஊக்குவிக்கும் நோக்கில், ஹான்பன் என்னும் சீன அரசு அமைப்பு 2009 இல் ஆறு நிலைகளைக் கொண்ட புதிய தேர்வை அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு நிலைக்கும் தனி வினாத்தாள் அமைந்தது. இதில் 3, 4 ஆகிய நிலைகள் இடைநிலையாகக் கருதப்பட்டன. மூன்றாம் நிலைக்கு 600 சொற்களும் நான்காம் நிலைக்கு 1,200 சொற்களும் வரையறுக்கப்பட்டன.

நான்காம் நிலையில் கேட்டறிதலுக்கு 45, வாசித்தலுக்கு 40, எழுதுதலுக்கு 15 என 100 வினாக்கள் இருந்தன. மொத்த மதிப்பெண் 300. தேர்ச்சிக்கு 180 தேவை. தனி இலக்கணப் பகுதி நீக்கப்பட்டது. அதற்கு மாறாக, கலைத்துத் தரப்பட்ட சொற்களை வரிசைப்படுத்தி வாக்கியம் ஆக்குதல், படத்தைப் பார்த்துத் தரப்பட்ட சொல்லால் வாக்கியம் எழுதுதல் ஆகியன சேர்க்கப்பட்டன. சீன மொழியில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபு ஏற்பதில்லை. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதைப் பெரும்பாலும் சொல்வரிசையே காட்டும். எனவே வரிசைப்படுத்தும் வினா இலக்கண அறிவை நேரடியாகச் சோதிக்கிறது.

மூன்றாம் நிலையில் ஒலிப்பதிவு இருமுறை ஒலிக்கும். நான்காம் நிலையில் ஒருமுறை மட்டுமே. சொற்களின் எண்ணிக்கையுடன் இவ்வேறுபாடும் சேர்ந்து நான்காம் நிலையைக் கடினமாக்கியது. பேச்சுத்திறன் எச்.எஸ்.கே.கே என்ற தனித்தேர்வால் அளக்கப்பட்டது.

ஐரோப்பிய அளவுகோலுடன் ஒப்பீடு

மூன்றாம் நிலை ஐரோப்பியப் பொது மொழி அளவுகோலின் பி1 நிலைக்கும், நான்காம் நிலை பி2 நிலைக்கும் இணையானவை என ஹான்பன் அறிவித்தது. ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் சீன மொழி ஆசிரியர் சங்கங்கள் இதை ஏற்கவில்லை. உண்மையான தேர்ச்சி அதைவிடக் குறைவு என மதிப்பிட்டன. பி2 நிலை பெற்றவர் தம் துறை சார்ந்த உரையாடலிலும் பங்கேற்க வல்லவராகக் கருதப்படுகிறார். அதற்கு 1,200 சொற்கள் போதா என்பது வெளிப்படை.

2021 ஆம் ஆண்டுத் தரநிலை

சீனக் கல்வி அமைச்சு 2021 மார்ச்சில் வெளியிட்ட புதிய தரநிலை அவ்வாண்டு சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இது மூன்று கட்டங்களையும் ஒன்பது நிலைகளையும் கொண்டது. இதன்படி 4, 5, 6 ஆகியவை இடைநிலை ஆயின. முன்பு இடைநிலையாக இருந்த மூன்றாம் நிலை தொடக்கநிலைக்குச் சென்றது. கீழ்நிலைகளையும் உள்ளடக்கிய மொத்தம் வருமாறு:

நான்காம் நிலை - 3,245 சொற்கள், 1,200 சீன எழுத்துகள்
ஐந்தாம் நிலை - 4,316 சொற்கள், 1,500 சீன எழுத்துகள்
ஆறாம் நிலை - 5,456 சொற்கள், 1,800 சீன எழுத்துகள்

ஆறாம் நிலையின் சொற்தொகை 1990களின் தேர்வுக்கு அடிப்படையான 5,253 சொற்களுக்கு ஏறத்தாழச் சமமாக இருப்பது குறிப்பிடத்தக்கது.

கையால் எழுத வேண்டிய எழுத்துகளுக்குத் தனிப்பட்டியல் தரப்பட்டதும் ஒரு முக்கிய மாற்றம். இடைநிலை முடிவில் 1,800 எழுத்துகளைப் படித்தறிய வேண்டும். ஆனால் 700 எழுத்துகளை மட்டும் கையால் எழுதினால் போதும். கணினியில் பின்யின் என்னும் உரோம எழுத்து முறையில் ஒலியைத் தட்டச்சு செய்து உரிய எழுத்தைத் தெரிவு செய்யும் வழக்கம் பரவியதால், படித்தறிதலும் எழுதுதலும் இருவேறு திறன்களாகிவிட்டன.

தரநிலை வெளியானவுடன் தேர்வு முழுவதும் மாறிவிடவில்லை. 7 முதல் 9 வரையிலான நிலைகளுக்குரிய ஒரே வினாத்தாள் 2022 நவம்பரில் முதன்முதலாக நடத்தப்பட்டது. அப்போது 1 முதல் 6 வரையிலான தேர்வுகள் 2009 திட்டத்தின்படியே தொடர்ந்தன.

சான்றிதழின் பயன்பாடு

சீனப் பல்கலைக்கழகங்கள் பல, சீன வழிக் கல்விக்கு நான்காம் அல்லது ஐந்தாம் நிலைச் சான்றிதழைக் கோருகின்றன. மாணவர் சேர்க்கைக்குத் தேர்வு நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை மதிப்பெண் செல்லுபடியாகும். ஒரே நிலை எண் 1,200 சொற்களையும் 3,245 சொற்களையும் குறிக்கக்கூடும் என்பதால், பாடநூல், சொற்பட்டியல், மாதிரி வினாத்தாள் ஆகியவை எந்தத் திட்டத்தைச் சேர்ந்தவை என்று உறுதி செய்துகொள்வது மாணவருக்கு இன்றியமையாதது.