பனிக்குள் ஹை பீம் எதற்கு?

குன்னூர் மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் மேகம் சாலையிலேயே இறங்கி நிற்கும். ஒன்றும் தெரியவில்லையே என்று ஓட்டுநரின் கை தானாக ஹை பீமுக்குப் போகும். அடுத்த நொடி கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினாற்போல் ஆகிவிடும். சற்று முன்வரை மங்கலாகத் தெரிந்த கைப்பிடிச் சுவரும் காணாமல் போகும்.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். ஹை பீம் வெளிச்சம் நேராகப் பாய்ந்து அந்தத் துளிகளில் பட்டுச் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. முன்பக்க ஃபாக் லேம்ப் பம்பரில் தாழ்வாக இருப்பது இதற்காகவே. அதன் ஒளி மேலே எழும்பாமல், அகலமாகத் தரையோடு படரும். சாலையோர வெள்ளைக்கோடு தெரியும், வளைவின் விளிம்பு தெரியும். தூரம் தெரியாது. அது அதன் வேலையும் இல்லை.

மஞ்சள் விளக்குதான் பனியைக் கிழிக்கும் என்ற பேச்சு மெக்கானிக் கடைகளில் இன்றும் உண்டு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், எந்த நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறும். விளக்கு இருக்கும் உயரமும் ஒளி விழும் விதமுமே முக்கியம்.

பின்பக்க ஃபாக் லேம்பின் கதை வேறு. பல கார்களில் இருக்கும் இந்தச் சிவப்பு விளக்கு, பின்னால் வருபவருக்கானது. பிரேக் லைட்டுக்கு ஈடாக எரியும். பனி விலகிய பின்னும் எரியவிட்டால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும். பிரேக் போட்டதுகூட அவருக்குச் சட்டென்று புலப்படாது. அதனால்தான் ஜெர்மனியில், பார்வை 50 மீட்டருக்கும் கீழே போனால் மட்டுமே இதைப் போடலாம். அப்போது வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 50 மீட்டரை எப்படி அளப்பது? அங்கே நெடுஞ்சாலையோரக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கின்றன. அடுத்த கம்பம் தெரியவில்லையா, விளக்கைப் போடலாம்.

எந்த விளக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. 1990 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கால்ஹூன் அருகே 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் மூடுபனிக்குள் 99 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. 12 பேர் இறந்தார்கள். பிரிட்டனின் சாலை விதி நூல் தரும் கணக்குப்படி, 96 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நிற்க 73 மீட்டர் வேண்டும். 48 கிலோமீட்டர் வேகத்தில் 23 மீட்டர் போதும். முன்னால் 40 மீட்டர்தான் தெரிகிறது என்றால் எந்த வேகம் தாங்கும் என்பது அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவதும் உதவாது. வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. லோ பீமும் ஃபாக் லேம்பும் போதும். உள்கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும்.

டாஷ்போர்டில் பச்சைச் சின்னம் எரிந்தால் முன் ஃபாக் லேம்ப், ஆரஞ்சு கலந்த மஞ்சள் எரிந்தால் பின் ஃபாக் லேம்ப். மேகம் கலைந்து தேயிலைத் தோட்டம் பளிச்சென்று தெரியும்போது, அந்த மஞ்சள் சின்னம் இன்னும் எரிகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.