‘அம்மா’வுக்காக இரண்டு வருஷம்!

தலைவர் படம் ரிலீஸ். ஆனா, உங்க ஊர்ல மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? 2006-ல் ஜப்பானுக்கு வெளியே இருந்த வீடியோ கேம் ரசிகர்களுக்கு அப்படித்தான் வயிறு எரிந்தது!

அந்த வருஷம் ஏப்ரல் 20-ம் தேதி ஜப்பானில் வெளியானது ‘மதர் 3’. நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸில் ஆடும் கேம். கதை, ஷிகெசாடோ இடோய். அம்மாவைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் கதை என்பதால், ஆடுறவங்க கண்ணு கலங்கிடும். இதற்கு முந்தைய பாகம் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் 1995-ல் அமெரிக்காவுக்கு வந்தது. மூன்றாம் பாகம் மட்டும் வரவே இல்லை. வசனம் முழுக்க ஜப்பானிய மொழி. என்ன பண்றது?

‘நாமளே மொழிபெயர்ப்போம்’ என்று சுமார் ஒரு டஜன் ரசிகர்கள் கிளம்பினார்கள். கேப்டன், கிளைட் மாண்டெலின். பட்டப்பெயர் ‘டொமேட்டோ’. நம்ம தக்காளிதான்! இவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்.

டிக்‌ஷனரியை வெச்சுக்கிட்டு உட்கார்ந்தா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க பாஸ். அங்கேதான் சிக்கலே!

கேமுக்குள்ளே வசனம் எல்லாம் வெறும் நம்பர்கள். எந்த நம்பர் எந்த எழுத்து என்று முதலில் அட்டவணை போடணும். அப்புறம் இடப் பிரச்னை. ‘வாள்’ என்பதை ஜப்பானியர் ஒரே எழுத்தில் முடிச்சிடுவாங்க. ஆங்கிலத்தில் அஞ்சு எழுத்து. ஒரு வசனம் நீண்டால் அடுத்த வசனம் ஆரம்பிக்கும் முகவரி மாறும். சி லேபில் நம்மைப் படுத்தின அதே பாயின்டர்தான். ஒண்ணு தப்பினா, கேம் அம்பேல்!

இன்னொரு கூத்து... ஜப்பானிய எழுத்துக்கள் எல்லாம் ஒரே அகலக் கட்டத்தில் உட்காரும். ஆங்கிலத்தில் ‘ஐ’ ஒல்லிக்குச்சி, ‘டபிள்யூ’ குண்டு. ஒரே கட்டத்தில் போட்டால் பல்லு விழுந்த மாதிரி இருக்கும். அதனால், எழுத்தைத் திரையில் வரையும் புரோகிராமையே அசெம்பிளி லாங்வேஜில் மாற்றினார்கள். மைக்ரோபிராசஸர் லேபில் ரெண்டு நம்பரைக் கூட்டவே நமக்கு வேர்க்குது!

இரண்டு வருஷம், பல ஆயிரம் மணி நேரம், பைசா சம்பளம் கிடையாது. 2008 அக்டோபர் 17 அன்று பேட்ச் வெளியானது. முதல் வாரத்திலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் டவுன்லோட்!

பேட்ச் என்பது முழு கேம் இல்லை. எங்கே எதை மாற்றணும் என்ற பட்டியல் மட்டும்தான். கேம் உங்ககிட்டே இருக்கணும். அதுக்காக சட்டம் கண்டுக்காதுன்னு இல்லை. மொழிபெயர்க்கும் உரிமை கம்பெனிக்குத்தான். கம்பெனி ‘நிறுத்து’ன்னு ஒரு வார்த்தை சொன்னா மொத்த உழைப்பும் காலி. அது தெரிஞ்சேதான் இறங்கினாங்க. 2013-ல் டொமேட்டோ ஒரு படி மேலே போய், ‘என் மொழிபெயர்ப்பை ஃப்ரீயா எடுத்துக்குங்க’ என்று நின்டெண்டோவுக்கே ஆஃபர் கொடுத்தார். பலன் இல்லை. 2024 பிப்ரவரியில் ‘மதர் 3’ ஸ்விட்ச் ஆன்லைனுக்கு வந்தது... மறுபடி ஜப்பானில் மட்டும்!

காத்திருந்தா வராதான்னு கேட்கிறீங்களா? 1995-ல் வந்த ‘செய்கென் டென்செட்சு 3’ கேமை ரசிகர்கள் 1999-லேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தாங்க. அதிகாரபூர்வ ஆங்கிலம் வந்தது 2019-ல். அதுக்குள்ளே காலேஜ் பையனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்!

பாயின்டர் எதுக்குப் படிக்கிறோம்னு இனிமே யாராவது கேட்டா, இந்தக் கதையைச் சொல்லுங்க. தான் ரசிச்சதை அடுத்தவனும் ரசிக்கணும்னு ஒரு டஜன் பேர் அதே பாயின்டரோட ரெண்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்காங்க!