சோதனைச்சாலையில் வளரும் இன்சுலின் செல்கள்



2025-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சோதனைச்சாலையில் வளர்க்கப்பட்ட செல்களை உடலில் செலுத்திக்கொண்ட 12 சர்க்கரை வியாதியஸ்தரில் 10 பேர், ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள் என்பதே அது. அதுமுதல், வியாதியுள்ள பிள்ளைகளின் பெற்றோரும், எங்களைத் தாங்கிவரும் உங்களில் சிலரும், "இது நம்பத்தக்கதுதானா?" என்று விசாரித்து வருகிறீர்கள். செய்தி மெய்யானது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. பத்திரிகைத் தலைப்புகளில் அந்த விலை இடம்பெறவில்லை.

முதலாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம்மில் அநேகருக்கு நடுவயதில் வருவது இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதி. நாம் இங்கே பேசுவது பெரும்பாலும் சிறு வயதில் தாக்கும் முதல் வகையைப் பற்றி. இதில் சரீரத்தின் எதிர்ப்பு சக்தியே வழிதவறி, இன்சுலினைச் சுரக்கும் செல்களைப் பகைவரென்று எண்ணி அழித்துவிடுகிறது.

இந்தச் செல்கள் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் உள்ளன. 1869-ல் ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கி வழியாகக் கணையத்தைப் பார்த்தபோது, கடலில் தீவுகள் போல ஆங்காங்கே சிறு செல் திட்டுகளைக் கண்டார். அவை எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மனிதனின் கணையத்தில் இப்படிப்பட்ட திட்டுகள் ஏறக்குறைய பத்து லட்சம் உண்டு. அவற்றிலுள்ள பீட்டா செல்கள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஓயாமல் அளந்து பார்த்து, அந்தந்த நேரத்துக்கு வேண்டிய இன்சுலினை மாத்திரம் விடுகின்றன.

1921-ல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் அதை முதலாவது பெற்றுக்கொண்டு, பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தான். அதுவரை இந்த வியாதி கண்ட பிள்ளைகளுக்குப் பட்டினி உணவைத் தவிர வேறு வைத்தியம் இருக்கவில்லை. ஆயினும் ஊசி மருந்து உயிரைக் காக்குமேயன்றி, செல் செய்கிற வேலையைச் செய்யாது. அளவு கொஞ்சம் கூடினால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். உறக்கத்தில் பிள்ளைக்கு அப்படி நேரிடுமோ என்று நடு இரவில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாய்மாரை நீங்களும் அறிந்திருப்பீர்கள். சிலருக்கோ பல ஆண்டுகளுக்குப் பின், சர்க்கரை தாழ்வதற்கு முன் வரும் வியர்வையும் நடுக்கமும்கூட இல்லாமற் போய்விடுகிறது. எச்சரிக்கையின்றி மயங்கி விழுகிறார்கள்.

அப்படியானால் செல்களையே திரும்பக் கொடுத்துவிட்டால் என்ன? 2000-ல் கனடாவின் எட்மன்டன் நகரில் டாக்டர் ஜேம்ஸ் ஷாப்பிரோவும் உடன் வைத்தியர்களும் அதைச் செய்து காட்டினார்கள். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். ஏழு பேரும் ஊசியை விட்டார்கள். ஆனால் பெரும்பாலும் ஒருவருக்கு இரண்டு பேருடைய கணையமாவது தேவைப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அநேகர் மறுபடியும் ஊசிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. உறுப்பு தானம் இவ்வளவு அரிதாயிருக்கும்போது, இந்த வழியில் எத்தனை பேருக்கு உதவ முடியும்?

இங்கேதான் ஸ்டெம் செல்கள் வருகின்றன. எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்ப நிலைச் செல்கள் இவை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் டக்ளஸ் மெல்டன் தவளை முட்டை எப்படித் தவளையாக வளருகிறது என்று ஆராய்ந்து வந்தவர். 1991-ல் அவருடைய ஆறு மாதக் குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை வியாதி கண்டது. பின்னர் மகளுக்கும் வந்தது. தவளையை விட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தார். முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஏன் அவ்வளவு காலம்? தாயின் கர்ப்பத்தில் கணையம் உருவாகும்போது, செல்லுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல இரசாயனக் கட்டளைகள் வந்து சேருகின்றன. முதலில் குடல் பகுதியாகு, பிறகு கணையமாகு, பிறகு சுரப்பியாகு, கடைசியில் பீட்டா செல்லாகு என்பது போன்ற வரிசை அது. கட்டளை ஒருநாள் முந்தினாலும் பிந்தினாலும் வேறு ஏதோ ஒரு செல்தான் கிடைக்கும். சாம்பார் கொதிக்குமுன் தாளித்துக் கொட்டியதுபோல் ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2014-ல் மெல்டனின் குழுவினர் ஆறு கட்டங்களில், பதினொரு மருந்துகளைக் கொண்டு, நான்கைந்து வாரத்தில் அந்த வரிசையைச் சரியாகப் பிடித்தார்கள். சுழலும் ஜாடிகளில் கோடிக்கணக்காக வளர்ந்த செல்கள், சர்க்கரையைக் கண்டால் இன்சுலின் விட்டன.

நம் சபையார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஆரம்பச் செல்கள் எங்கிருந்து வந்தன? மெல்டன் பயன்படுத்தியவற்றில், குழந்தையின்மைச் சிகிச்சை முடிந்தபின் பெற்றோர் ஆராய்ச்சிக்கென்று கொடுத்துவிட்ட கருக்களிலிருந்து எடுத்தவையும் உண்டு. இதை ஏற்க மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் உண்டு. அவர்களுடைய தயக்கத்தை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை. ஜப்பானியரான ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் செல்களையும் 2007-ல் வளர்ந்த மனிதரின் தோல் செல்களையும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். இதற்காக 2012-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கருவைத் தொடாத வழி அதனால் திறந்தது. 2014-ல் மெல்டனின் குழுவும் இரு வகைச் செல்களிலிருந்தும் பீட்டா செல்களை உண்டாக்கியது.

மெல்டன் தம் இரு பிள்ளைகளின் பெயர்களையும் இணைத்துத் தொடங்கிய கம்பெனியை 2019-ல் வெர்டெக்ஸ் என்ற மருந்துக் கம்பெனி வாங்கியது. 2021-ல் முதல் வியாதியஸ்தருக்குச் செல்கள் செலுத்தப்பட்டன. முழு அளவு ஏறக்குறைய 80 கோடி செல்கள். மேலே சொன்ன 12 பேரும் இதைப் பெற்றவர்களே. ஊசியை விடாத இருவருக்கும்கூட, சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து மயங்கி விழுவது நின்றுபோனது.

இனி அந்த விலைக்கு வருவோம். வேறொருவருடைய செல் உள்ளே வந்தால் சரீரம் அதைத் தாக்கும். முதல் வகை வியாதியோ ஏற்கெனவே பீட்டா செல்களைக் குறிவைத்திருக்கிறது. ஆகவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவற்றைச் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணக் கிருமியும் பெருந்தொற்றாகலாம், சிறுநீரகம் கெடலாம், சிலவகைப் புற்றுநோய்க்கும் வாய்ப்புக் கூடும். இந்த ஆய்வில் இருவர் இறந்தார்கள். ஒருவருடைய மரணத்துக்குக் காரணம், எதிர்ப்பு சக்தி குன்றியவர்களைப் பெரும்பாலும் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை மூளைக்காய்ச்சல். மற்றவருக்கு ஏற்கெனவே இருந்த மூளைத் தளர்ச்சி முற்றிவிட்டது. எச்சரிக்கையின்றி மயங்கி விழுகிற பெரியவருக்கு இந்த மாத்திரைகள் தகுதியான பேரமாயிருக்கலாம். ஊசியோடு பள்ளிக்கூடம் போய் விளையாடி வரும் பத்து வயதுப் பிள்ளைக்கு அவை நல்ல பேரமல்ல என்பதே எங்கள் எண்ணம்.

மாத்திரை வேண்டாத வழியைத் தேடுகிறவர்களும் உண்டு. செல்களை ஒரு பைக்குள் அடைத்து எதிர்ப்புச் சக்தியிடமிருந்து மறைக்கும் முயற்சியை அதே கம்பெனி 2025 மார்ச்சில் கைவிட்டது. பைக்குள் இருந்தவை போதிய இன்சுலின் தரவில்லை. சீனாவின் தியான்ஜின் நகரில் 2023-ல் 25 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய சொந்தச் செல்களிலிருந்தே திட்டுகளை உண்டாக்கி வயிற்றுத் தசையில் வைத்தார்கள். 75 நாட்களில் ஊசி நின்றது. ஆனால் அவர் முன்னமே கல்லீரல் மாற்றிக்கொண்டு அந்த அடக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தவர். ஆகையால் மாத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அதைக்கொண்டு சொல்ல இயலாது. சுவீடனின் உப்சாலா நகரில் 2024 டிசம்பரில் செய்ததுதான் எங்களுக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. தானமாய்ப் பெற்ற திட்டுகளில் மரபணுக்களை மாற்றி, முன்கைத் தசையில் செலுத்தினார்கள். ஒரு மாத்திரையும் இல்லை. சரியாக மாற்றப்படாத செல்களைச் சரீரம் அழித்தது. மாற்றப்பட்டவை பன்னிரண்டு வாரம் கழித்தும் இன்சுலின் சுரந்துகொண்டிருந்தன. அளவு மிகச் சிறிது, ஊசியை நிறுத்தப் போதாது. ஆள் ஒருவரே.

நம் தேசத்தில் சிலர் "ஸ்டெம் செல் சிகிச்சையால் சர்க்கரை வியாதி குணமாகும்" என்று விளம்பரம் செய்து பணம் வாங்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்களுக்கு அப்பால் இத்தகைய சிகிச்சையை முறையாகப் பதிவு செய்த ஆய்வில் மாத்திரமே கொடுக்கலாம். அந்த ஆய்வில் வியாதியஸ்தரிடம் பணம் கேட்கலாகாது. உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் எவரேனும் நிலத்தையோ நகையையோ விற்று இப்படி ஒரு இடத்துக்குப் புறப்பட்டால், தயவாய் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: முதல் வகை வியாதியுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி, மூச்சு வாங்கி, நினைவிழந்து போக நேரிடும்.