அதிவீரரும் அரசின் கைதிகளும்: ‘சூசைட் ஸ்குவாட்’ சித்திரக்கதை பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமுதாயத்தின் கருத்துநிலையை அதன் உயர் இலக்கியங்களில் மட்டும் தேடுவது போதாது. மலிவான தாளில் அச்சாகி இலட்சக்கணக்கானோரைச் சென்றடையும் சித்திரக்கதைகளும் அவ்வகையிற் கவனத்திற்குரியன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டீ.சீ. நிறுவனம் வெளியிட்ட ‘சூசைட் ஸ்குவாட்’ என்னும் தொடர் இதற்குத் தக்க சான்றாகும். ஜோன் ஒஸ்ட்ராண்டர் எழுத, லூக் மக்டொனல் வரைந்த இதன் முதலிதழ் 1987 மே மாதத் திகதியுடன் வெளிவந்தது. அதே மே மாதத்திலேதான், ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று அப்பணத்தை நிக்கராகுவாவின் கொன்ட்ராக்களுக்கு வழங்கிய விவகாரம் பற்றிய காங்கிரஸ் சபையின் பகிரங்க விசாரணையும் ஆரம்பமாயிற்று. இப்பகைப்புலத்தை விடுத்துத் தொடரை விளங்கிக்கொள்ள இயலாது.

வழமையான அதிவீரன் சுயவிருப்பின் பேரில் நீதி காப்பவன். இத்தொடரின் மாந்தரோ கொலைஞரும் கொள்ளையருமாய்ச் சிறையிலிருப்போர். அரசு மறைவாகச் செய்விக்க விரும்பும் பணியொன்றை முடித்து உயிருடன் மீள்வோர்க்குத் தண்டனைக் குறைப்பு உண்டு. இறப்போரை அரசு அறியாது. கையில் வெடிபட்டி பூட்டப்பட்டிருக்கும். அப்பட்டி உண்மையில் வெடிக்குமோ என்றறியும் பொருட்டுக் கப்டன் பூமராங் என்பவன் சக கைதியொருவனைத் தூண்டித் தப்பியோட வைக்கிறான்; அவன் கையை இழக்கிறான். ஒடுக்கப்பட்டோரிடையே ஒற்றுமை தோன்றாதிருப்பது பட்டியைக் காட்டிலும் வலிய காவல் என்பதை ஒஸ்ட்ராண்டர் நன்கறிந்துள்ளார்.

இதனை ‘ஒப்பந்தம்’ என்றே கதை குறிப்பிடுகின்றது. இச்சொல்லின் போலித்தனம் கதைக்களத்திலேயே வெளிப்படுகின்றது. பெல் ரேவ் என்னும் இச்சிறை லூயிசியானா மாநிலத்தில் அமைந்ததாகச் சொல்லப்படுகின்றது. டெனசி வில்லியம்ஸ் 1947இல் எழுதிய நாடகத்தில், கைவிட்டுப்போன அடிமைத் தோட்டமொன்றின் பெயரும் இதுவே. 1865இல் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை விலக்கிவைத்தது. லூயிசியானாவின் அங்கோலாச் சிறை முன்னாள் தோட்ட நிலத்திலேயே எழுந்தது. கைதிகள் இன்றும் அங்கு வயலில் வேலை செய்கின்றனர். கற்பனைச் சிறைக்கும் இச்சிறைக்குமிடையே தூரம் அதிகமில்லை.

படையை நடத்தும் அமண்டா வோலர் சிக்காகோவின் கப்ரினி கிறீன் தொகுதிமனையில் வாழ்ந்த கறுப்பினத்துக் கைம்பெண். கணவனையும் இரு பிள்ளைகளையும் வன்முறைக்கு இழந்தவள். அதிவீரப் பெண்டிருக்கு விதிக்கப்படும் இளமையோ மெல்லுடலோ அவளுக்கில்லை. ஒடுக்கப்பட்ட இனத்தவளே ஒடுக்கும் இயந்திரத்தை இயக்குகிறாள். இம்முரண்பாட்டை ஆசிரியர் நியாயப்படுத்தவுமில்லை, எளிமைப்படுத்தவுமில்லை. தொடரின் மிகச் சிறந்த படைப்பு அவளே என்பது எனது கருத்து.

சோவியத் எழுத்தாளர் ஒருவரை மீட்க மொஸ்கோ செல்லும் படை, தியாகியாகவே விரும்பும் அவர் மீட்கப்பட விரும்பவில்லை என்பதை அங்கு சென்றே அறிகின்றது. 22ஆம் இதழ் இன்னும் கூர்மையானது. வோலரை அச்சுறுத்தும் செனற்றர் ஒருவரைப் படைத்தலைவன் கொல்லாதவாறு எவ்வழியிலாயினும் தடுக்குமாறு கட்டளை பிறக்கின்றது. டெட்ஷொட் தானே செனற்றரைச் சுட்டு, தலைவன் கொல்லாதவாறு தடுத்துவிடுகிறான்! கட்டளையின் சொல் நிறைவேறிற்று. அதிகாரவர்க்க மொழியைப் பற்றி இதனிலும் கசப்பான நகைச்சுவையை நான் அரிதாகவே வாசித்துள்ளேன்.

எனினும் குறைபாடுகள் பாரதூரமானவை. படை முதலில் தாக்குவது குராக் எனப்படும் கற்பனை மத்திய கிழக்கு நாட்டை. அந்நாடு பயங்கரவாதிகளின் கோட்டையாகவே வரையப்படுகின்றது; அதன் சாதாரண மக்களுக்கு வரலாறோ குரலோ இல்லை. அரசு எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் துணிவுடன் காட்டும் தொடர், அவ்வியக்கம் யாருடைய நலனுக்கானது என்ற வினாவை அண்மித்ததும் தயங்கிநின்றுவிடுகின்றது.

66 இதழ்களுடன் 1992இல் தொடர் நின்றது. பெயரை மட்டும் நிறுவனம் கைவிடவில்லை. 2016இலும் 2021இலும் ஹொலிவூட் அதனைப் பெருஞ்செலவில் படமாக்கியது. அப்படங்களில் வெடிபொருள் கைப்பட்டியில் இல்லை. கைதியின் கழுத்துக்குள் புதைக்கப்பட்டுள்ளது.