வாரம் ஒருநாள் மாத்திரையும் சென்னையில் படித்த சுப்பாராவும்

விரல்களைத் தேடி வரும் நோய்

பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர் கழிமுகத்திலும் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பனையோலைப் பறி பல்லில் இருக்கும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். காட்டுப்பள்ளி, காட்டூர்ப் பக்கத்துக் குப்பங்களில் வலையைச் சரிசெய்வது, இறால் உரிப்பது, கருவாடு புரட்டுவது என எந்த வேலைக்கும் விரல்தான் மூலதனம். முடக்குவாதம் முதலில் பிடிப்பதும் அந்த விரல்களைத்தான். பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள்.

எந்நேரமும் தண்ணீரில் கிடப்பதால் வந்த வலி என்று பொறுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. இந்த நோய் ஈரத்தால் வருவதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, மூட்டின் உட்சவ்வையே பகையாக நினைத்துத் தாக்குவதால் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து கூடும்.

காலையில் மடங்காத கை

வேலை செய்யச் செய்ய வலித்து, உட்கார்ந்தால் குறைகிற முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். முடக்குவாதம் நேர்மாறு. ஓய்வுக்குப் பிறகுதான் அதிகம் படுத்தும். விடியற்காலையில் விரல்கள் இறுகிப்போய், கையை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விரல் கணுக்களும் மணிக்கட்டும் இரு கைகளிலும் ஒன்றுபோல வீங்கும். அசதியும் லேசான காய்ச்சலும் சேரலாம். சிக்குன்குன்யாவுக்குப் பிறகும் இப்படி மாதக்கணக்கில் வலிப்பதுண்டு; 2006இல் அந்தக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டில் பலர் அனுபவித்தார்கள். எதுவாக இருந்தாலும் வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம். ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை வழக்கமாகப் பார்க்கப்படும். எலும்பு அரிக்கப்படுவதற்கு முன், முதல் சில மாதங்களிலேயே மருந்தைத் தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்ற முடியும்.

அந்த மருந்தின் கதையில் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். நம் பாடப்புத்தகங்கள் அவருக்கு இன்னும் நிறைய இடம் தந்திருக்க வேண்டும்.

கதர் உடுத்திய மாணவர்

யெல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதரிலேயே போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் பறித்துக்கொண்டது; அவரும் அதில் துன்பப்பட்டார். உணவு உடலில் ஒட்டாமல், ரத்தம் வற்றிப்போகும் நோய் அது.

சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டு 1922இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பாஸ்பரஸ் அளவிடும் முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார்.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். கருவுற்ற ஏழைப் பெண்களின் ரத்தசோகையை மாற்றும் ஒரு சத்து ஈஸ்ட்டில் இருப்பதை லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் இந்தியாவில் ஆய்வு செய்து முன்பே கண்டிருந்தார். அந்த ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் குழு. அவருடைய வீட்டையே வாட்டிய ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தானது. அடுத்து, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அதே குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாக அடங்குவதை 1948இல் அறிவித்தார். இன்னொன்றுதான் மெத்தோட்ரெக்ஸேட். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் தரப்படும் டி.இ.சி. மாத்திரையும் அந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார்.

1951இல் அமினோப்டெரின் முடக்குவாத வீக்கத்தையும் தணிப்பது தெரியவந்தது. ஆனால் அப்போது மருத்துவ உலகம் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டின் மயக்கத்தில் இருந்தது. மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்குப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் தந்தது 1988இல்தான். இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து அது.

ஒரே நாளில் நிற்கும் வலி

சுப்பாராவ் இறந்த அடுத்த மாதம், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையில் கிடந்த 29 வயது பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது எல்லாம் பின்னால் வந்தன.

பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய மாத்திரையோ, எங்கோ போட்ட ஊசியோ வலியை மந்திரம் போல நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுப்பது மருத்துவர்கள் தெரிந்தே செய்வதுதான். நீண்ட நாள் சாப்பிட்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

எந்தக் கிழமை?

மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போகலாம். கிழமையை மருத்துவரிடம் கேட்டு, அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வாங்குங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளைகள் நினைவூட்டட்டும். கூடவே தரும் ஃபோலிக் அமிலம் பக்கவிளைவைக் குறைப்பதற்கு. மருத்துவர் சொன்ன நாளில் அதையும் விடாமல் சாப்பிட வேண்டும். ஒரு சத்து, அதைத் தடுக்கும் மருந்து. இரண்டும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள்.

கருவுற்றிருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், மருந்தை நிறுத்திச் சில மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். மது வேண்டவே வேண்டாம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை மருத்துவர் சொன்ன தேதியில் செய்ய வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத் திணறல், விடாத இருமல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நண்டும் இறாலும் சாப்பிடலாமா?

முடக்குவாதத்துக்கு மீன் பகையில்லை. மத்தி, கானாங்கெளுத்தியில் உள்ள கொழுப்பு கொஞ்சம் நன்மையே செய்யும். இறாலையும் நண்டையும் குறைக்க வேண்டியவர்கள் யூரிக் அமிலம் கூடிய கவுட் நோயாளிகள். பெரும்பாலும் ஆண்கள்; நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கித் துடிக்கும். மது அதைத் தூண்டிவிடும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். மேல் சிகிச்சைக்கு, சுப்பாராவ் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மீஞ்சூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே மருத்துவமனை. பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். காலையில் கை எத்தனை நேரம் இறுகியிருக்கிறது என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.