செயற்றிறன் மதிப்பீடு (ஆஸ்திரேலியா)

செயற்றிறன் மதிப்பீடு என்பது ஒருவர் தமது அன்றாட வேலைகளைப் பிறர் உதவியின்றி எந்த அளவுக்குச் செய்துகொள்கிறார் என்பதை முறைப்படி அளந்து பதிவு செய்வதாகும். ஆஸ்திரேலியாவில் தேசிய மாற்றுத்திறனாளர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உதவி நிதி கோருவோருக்கு இது முக்கிய சான்றாக அமைகின்றது. உளவியலாளர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் முதலியோர் இம்மதிப்பீட்டைச் செய்கின்றனர். நோயின் பெயர் ஒன்றாக இருப்பினும் இருவரின் அன்றாட வாழ்க்கை ஒன்றாக இருப்பதில்லை. எனவே நோயறிதல் சான்றிதழ் மட்டும் உதவித் தேவையைக் காட்டாது என்பதே இதன் அடிப்படைக் கருத்தாகும்.

சட்டப் பின்னணி

ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2011ஆம் ஆண்டில் அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து 2013இல் இத்திட்டத்துக்கான சட்டம் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாதம் சில பகுதிகளில் சோதனை முறையில் திட்டம் தொடங்கியது. 2025இல் இதன் பயனாளிகள் 7 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்தனர். விண்ணப்பிக்கும்போது ஒருவர் 65 வயதுக்குக் குறைந்தவராக இருத்தல் வேண்டும். அவரது குறைபாடு நிரந்தரமானதாகவும், பின்வரும் ஆறு துறைகளில் ஒன்றிலேனும் செயற்றிறனைப் பெருமளவு குறைப்பதாகவும் இருத்தல் வேண்டும்.

* தொடர்பாடல்
* சமூகத்தில் பழகுதல்
* கற்றல்
* நடமாட்டம்
* தன்னைப் பேணுதல்
* தன் காரியங்களைத் தானே நிர்வகித்தல்

பெருமளவு குறைவு என்பதைத் திட்டத்தின் விதிகள் விளக்குகின்றன. அச்செயலுக்குப் பிறர் உதவி வழக்கமாகத் தேவைப்படுவது இதற்கான அளவைகளுள் ஒன்றாகும். கைகொடுத்துத் தூக்கிவிடுவது மட்டுமன்றி, வழிகாட்டுதல், மேற்பார்வை, நினைவூட்டல் ஆகியனவும் உதவியாகவே கருதப்படும். மூக்குக்கண்ணாடி போன்று பலரும் பயன்படுத்தும் பொருள்கள் கணக்கில் வாரா.

மதிப்பீட்டுக் கருவிகள்

வைன்லாந்து அளவுகோல்: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள வைன்லாந்தில் பணிபுரிந்த உளவியலாளர் எட்கர் டோல் 1930களில் உருவாக்கிய அளவுகோலிலிருந்து வளர்ந்தது. இதன் மூன்றாம் பதிப்பு 2016இல் வெளிவந்தது. பெற்றோரையோ பராமரிப்பவரையோ நேர்காணல் செய்து தொடர்பாடல், அன்றாட வாழ்க்கைத் திறன், சமூகப் பழக்கம் ஆகியவற்றை இது அளக்கிறது. சராசரி மதிப்பெண் 100. திட்ட விலக்கம் 15. ஆகவே 70க்குக் கீழ்ப் பெறுவோர் ஏறத்தாழ நூற்றுக்கு இருவரே.

இயலாமை மதிப்பீட்டு அட்டவணை: உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டது. கடந்த 30 நாட்களில் ஏற்பட்ட சிரமங்களை 36 வினாக்கள் மூலம் கேட்டறிகிறது. 12 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு.

இவற்றை நுண்ணறிவுச் சோதனையுடன் குழப்பிக்கொள்ளலாகாது. நுண்ணறிவுச் சோதனை அமைதியான அறையில் ஒருவரால் இயன்றதை அளக்கிறது. வைன்லாந்து அளவுகோலோ அவர் வீட்டில் வழக்கமாகச் செய்வதை அளக்கிறது. மேசை முன் கணக்கைச் சரியாகப் போடும் ஒருவர், கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தெரியாதவராக இருக்கலாம்.

மறைந்திருக்கும் உதவி

குடும்பத்தார் வழக்கமாகச் செய்துவரும் உதவி அவர்கள் கண்ணுக்கே தெரியாமற் போவது இம்மதிப்பீட்டின் பெரிய சிக்கலாகும். எடுத்துக்காட்டாக, "மகன் தானாகக் குளிப்பானா?" என்ற வினாவுக்குத் தாய் "ஆம்" என விடையளிக்கலாம். ஆனால் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பதும், உடையை எடுத்து வைப்பதும், குளிக்கும்படி மூன்று முறை சொல்வதும் அத்தாயே. அறிக்கையில் "குளிக்கிறார்" என்று மட்டும் எழுதப்பட்டால் நினைவூட்டலுக்கான தேவை பதிவாகாது. தாய் முதுமையுற்றபின் அவ்வேலையை யார் செய்வது என்ற கேள்வியும் எழாமலே போய்விடும்.

பிள்ளையின் குறைகளைப் பிறர் முன் அடுக்கிச் சொல்லப் பெற்றோர் தயங்குவதும் இயல்பே. மனநோய் உள்ளோரின் நிலை நாளுக்கு நாள் மாறக்கூடியது. குறைபாட்டின் கடுமை ஏறி இறங்கினாலும் அது நிரந்தரமானதாக இருக்கலாம் எனச் சட்டம் ஏற்கிறது. எனினும் நல்ல நாளொன்றில் நடக்கும் சந்திப்பு தேவையைக் குறைத்துக் காட்டக்கூடும். இதனால் ஒன்றுக்கு மேற்பட்டோரிடம் கேட்டறிவதும், நேரில் காண்பதும், எத்தகைய உதவி எத்தனை முறை தேவை என எழுதுவதும் நல்ல மதிப்பீட்டின் இலக்கணமாகக் கருதப்படுகின்றன.

கருத்து வேறுபாடுகள்

திட்டத்தில் சேரும் முன் பெறும் தனியார் அறிக்கைகளுக்கான செலவைப் பொதுவாக விண்ணப்பதாரரே ஏற்க வேண்டியுள்ளது. வசதி படைத்தோர் விரிவான அறிக்கையுடன் வரவும், ஏனையோர் பின்தங்கவும் இது இடமளிக்கிறது. இதனைச் சமன்செய்யும் வழியாக, அரசு நியமிக்கும் மதிப்பீட்டாளர்களைக் கொண்ட கட்டாய மதிப்பீட்டு முறையை 2020 ஆகஸ்டில் அரசு அறிவித்தது. முன்பின் அறியாத ஒருவர் சில மணி நேரத்தில் ஒரு வாழ்க்கையை அளக்க இயலாது என மாற்றுத்திறனாளர் அமைப்புகள் எதிர்த்தன. 2021 ஜூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

2024 அக்டோபர் 3 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், ஏற்கனவே சேர்ந்தவர்களின் நிதி ஒதுக்கீட்டையும் தேவை மதிப்பீடு ஒன்றின் அடிப்படையில் வகுக்க வழிசெய்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மூன்று மாதங்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அதன் முடிவும் ஏற்புடையதாக இல்லாவிடில் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

இவற்றையும் பார்க்க

* நுண்ணறிவு எண்
* மதியிறுக்கம்
* மாற்றுத்திறனாளர் உரிமைகள்